துரோகத்துக்குக் கைதட்டல், பிரிவுக்குக் கண்ணீர்

ரியாலிட்டி போட்டியில் நண்பனின் முதுகில் குத்துபவரைக் கில்லாடி என்று மெச்சும் நேயர்கள், சிட்காம் ஜோடி பிரிந்தால் மட்டும் ஏன் கொதித்துப் போகிறார்கள்?

மலேசியாவின் சபா கரைக்கு அப்பால் புலாவ் டிகா என்றொரு சின்னத் தீவு. 16 பேரில் மிஞ்சிய மூன்று பேர் ஒரு கம்பத்தின் மீது கை வைத்தபடி வெயிலில் நின்றுகொண்டிருக்கிறார்கள். கடைசிவரை கையை எடுக்காதவர் இறுதிச் சுற்றுக்குப் போவார். மற்ற இருவரில் யாரைத் தன்னுடன் அழைத்துப்போவது என்பதையும் அவரே முடிவு செய்வார். பரிசு 10 லட்சம் டாலர். சில மணி நேரம் கழித்து ரிச்சர்ட் ஹாட்ச் என்பவர் தானாகவே கையை எடுத்துவிட்டுக் கீழே இறங்கினார். மயக்கமோ களைப்போ காரணமில்லை. அது வெறும் கணக்கு.

கணக்கு இதுதான். எதிரே நின்ற ரூடி போஷ், 72 வயதான முன்னாள் கடற்படைக் கமாண்டோ. சொன்ன சொல்லைக் காப்பாற்றுபவர். அவர் வென்றால் ஹாட்சைத்தான் அழைத்துப்போவார். இன்னொருவர் கெல்லி விகிள்ஸ்வொர்த் என்ற இளம்பெண். அவர் வென்றாலும் எல்லோருக்கும் பிடித்த கிழவரை விட்டுவிட்டு, பலருக்கும் பிடிக்காத ஹாட்சைத்தான் எதிராளியாகத் தேர்ந்தெடுப்பார். ஹாட்சே வென்றால்தான் சிக்கல். ரூடியை அழைத்துப்போனால் தோல்வி நிச்சயம். கழற்றிவிட்டால் துரோகி என்ற பெயர், ரூடியின் ஓட்டும் போய்விடும். ஆகவே தோற்பதே லாபம். அவர் நினைத்தபடியே கெல்லி வென்றார், ரூடியை வெளியேற்றினார், இறுதி ஓட்டில் ஹாட்ச் 4-3 என்று ஜெயித்தார்.

சி.பி.எஸ். சானலில் 2000 ஆகஸ்ட் 23 அன்று ஒளிபரப்பான இந்தக் காட்சியை அமெரிக்காவில் 5 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். 1997-ல் ஸ்வீடனில் பிறந்த ஒரு நிகழ்ச்சியின் அமெரிக்க வடிவமான 'சர்வைவர்' தொடரின் முதல் சீசன் அது. மறுநாள் தொடங்கிய சச்சரவு கால் நூற்றாண்டு கடந்தும் ஓயவில்லை. ஹாட்ச் அயோக்கியனா, மேதையா? நால்வர் சேர்ந்து ரகசியக் கூட்டணி அமைத்து, ஒன்றும் அறியாத மற்றவர்களை ஒவ்வொருவராக வெளியேற்றியது நியாயமா? கூட்டணி என்ற சொல்லைக் கேட்டாலே தேர்தல் ஞாபகம் வரும் நமக்கு இது புதிதல்ல. ஆனால் அன்றைய அமெரிக்க நேயர்களில் பலருக்கு இது அதிர்ச்சி. மீன் பிடித்து, தீ மூட்டி, உழைத்துப் பிழைப்பவர் வெல்வார் என்றுதான் அவர்கள் எதிர்பார்த்தார்கள். (ஹாட்ச் மீனும் பிடித்தார் என்பது வேறு விஷயம். பரிசுப் பணத்துக்கு வரி கட்டாததால் 2006-ல் சிறைக்குப் போனார் என்பது இன்னொரு விஷயம்.)

இந்தப் போட்டியின் சூட்சுமம் அதன் ஜூரியில் இருக்கிறது. யாருக்குப் பரிசு என்பதை முடிவு செய்பவர்கள் நேயர்கள் அல்ல. போட்டியாளர்களால் வெளியேற்றப்பட்டவர்களே. அதாவது யாரை ஏமாற்றினீர்களோ, அவர்களிடமே போய்க் கையேந்த வேண்டும். முதல் சீசனில் சூசன் ஹாக் என்ற லாரி டிரைவர் ஜூரி இருக்கையிலிருந்து எழுந்து பேசிய பேச்சு இன்றும் பிரசித்தம். ஹாட்சைப் பாம்பு என்றார், தன் தோழியாக இருந்து தன்னையே வெளியேற்றிய கெல்லியை எலி என்றார். பாம்பு எலியைத் தின்பதுதான் இயற்கை என்று முடித்து, பாம்புக்கே ஓட்டுப் போட்டார். வெளிப்படையாகச் சூழ்ச்சி செய்தவனை மன்னிக்கலாம், சிநேகிதம் பேசிவிட்டுச் செய்தவளை மன்னிக்க முடியாது என்பது அவர் தீர்ப்பு.

அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த இரண்டாவது சீசன் இதற்கு நேர்மாறான பாடம். டெக்ஸாஸ்காரரான கோல்பி டொனால்ட்ஸன் கடைசிப் போட்டியிலும் வென்று, எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையுடன் நின்றார். கீத் ஃபேமியை அழைத்துப்போயிருந்தால் சுலபமாக வென்றிருப்பார் என்பது பொதுவான கணிப்பு. அவரோ தன் நம்பிக்கைக்குரிய டினா வெஸனை அழைத்துப்போனார். 4-3 என்று தோற்றார். முதல் பரிசு 10 லட்சம், இரண்டாவது பரிசு 1 லட்சம். ஒரு வார்த்தையைக் காப்பாற்ற 9 லட்சம் டாலர் செலவு. அன்று அவர் கனவான், வீரன் என்று கொண்டாடப்பட்டார்.

2014-ல் வூ ஹ்வாங் என்ற தற்காப்புக் கலை ஆசிரியர் அச்சு அசலாக அதையே செய்தார். யாருக்கும் பிடிக்காத காஸை விட்டுவிட்டு, தன் கூட்டாளியும் பலே கில்லாடியுமான டோனி வ்லாச்சோஸை அழைத்துப்போனார். 8-1 என்று மண்ணைக் கவ்வினார். இந்த முறை நேயர்கள் கொண்டாடவில்லை, சிரித்தார்கள். விவரம் தெரிந்த ரசிகர்கள் இதைப் போட்டியின் வரலாற்றிலேயே பெரிய அசட்டுத்தனங்களில் ஒன்றாகப் பட்டியலிடுகிறார்கள். 13 ஆண்டு இடைவெளியில் செயல் மாறவில்லை, அதற்கு நேயர்கள் வைத்த பெயர்தான் மாறிவிட்டது. முன்பு விசுவாசம், இப்போது தப்பாட்டம்.

காரணம், நேயர்கள் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். கிரிக்கெட்டில் பந்து வீச்சாளரை ஏன் மாற்றினார் என்று திண்ணையில் உட்கார்ந்து விவாதிப்பதைப்போல, யாரை எப்போது வெட்டியிருக்க வேண்டும் என்று விவாதிக்கிறார்கள். அந்த விவாதத்தில் போட்டியாளர் ஒரு மனிதர் அல்ல, காய். காய்க்கு மனசாட்சி எதற்கு?

ஆனாலும் ஒரு கோடு இருக்கிறது. 2003-ல் ஜான் டால்ட்டன் என்பவர் அதைத் தாண்டினார். தீவுக்கு வந்த நண்பர், பாட்டி இறந்துவிட்டார் என்று சொல்ல, டால்ட்டன் அழுதார். மற்றவர்கள் இரங்கி விட்டுக்கொடுத்தார்கள். ஊரில் பாட்டி சௌக்கியமாக இருந்தார். எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த நாடகம். தீவுக்குள் சொல்லும் எந்தப் பொய்யையும் பொறுத்துக்கொண்ட நேயர்களுக்கு வீட்டிலிருந்து பொய்யை இறக்குமதி செய்தது பொறுக்கவில்லை. அந்தத் தொடரின் மறக்க முடியாத வில்லன்களில் அவர் இன்றும் ஒருவர்.

நேயர் பார்வைக்கும் போட்டியாளர் பார்வைக்கும் உள்ள தூரத்தை அளக்க ரஸ்ஸல் ஹான்ட்ஸ் போதும். 2009 சீசனில் சக போட்டியாளரின் காலுறையை எரித்தார், குடிநீரைக் கொட்டினார், எல்லோருக்கும் எல்லா வாக்குறுதியும் கொடுத்தார், கடைசிவரை வந்தார். ஜூரியில் அவருக்கு விழுந்தது 2 ஓட்டு. சாதுவாக இருந்த நாடலி வைட்டுக்கு 7. சிறந்த ஆட்டக்காரர் யார் என்று நேயர்களிடம் நடத்திய தனி வாக்கெடுப்பில் ரஸ்ஸல் வென்று 1 லட்சம் டாலர் பெற்றார். மேடையிலேயே அந்த 1 லட்சத்தைக் கொடுத்து வெற்றியாளர் என்ற பட்டத்தை நாடலியிடம் விலைக்குக் கேட்டார். நாடலி தரவில்லை. 2010-ல் மறுபடி இறுதிவரை வந்தார். ஜூரியில் ஓட்டு பூஜ்யம், நேயர் விருது மறுபடி அவருக்கே. ஆட்டத்தில் கோளாறு இருக்கிறது, நேயர்களுக்கும் ஓட்டு வேண்டும் என்றார். அந்த முறை பட்டம் வென்ற சாண்ட்ரா டயஸ்-ட்வைன் அதைக் கேட்டுச் சிரித்தார்.

இரண்டு தரப்பும் பார்த்தது வேறு வேறு ரஸ்ஸலை. நேயர் பார்த்தது, தனியே கேமராவிடம் தன் திட்டத்தை விளக்கிக் கண்சிமிட்டும் மனிதரை. அந்தச் சூழ்ச்சியில் நேயரும் பங்காளி. ஜூரி பார்த்தது, பட்டினியும் மழையுமாகப் பக்கத்தில் படுத்திருந்துவிட்டுக் காலையில் கைவிட்டவரை. சோபாவில் சாய்ந்திருப்பவருக்குக் காலுறை எரிந்தது வேடிக்கை. காலுறைக்குச் சொந்தக்காரருக்கு அப்படி இல்லை.

ரஸ்ஸல் கேட்ட ஏற்பாடு இந்தியாவில் முன்பே நடைமுறையில் இருந்தது. டச்சு மூலமான 'பிக் பிரதர்' 2006-ல் 'பிக் பாஸ்' என்ற பெயரில் இந்தியில் வந்தது. 2013-ல் கன்னடமும் வங்காளமும், 2017-ல் தமிழும் தெலுங்கும், 2018-ல் மராத்தியும் மலையாளமும் சேர்ந்துகொண்டன. இங்கே வீட்டுக்குள் இருப்பவர்கள் பெயரை முன்மொழிய மட்டுமே முடியும். காப்பாற்றுவது நேயர் ஓட்டு. ரஸ்ஸல் இங்கே வந்திருந்தால் ஜெயித்திருப்பாரா? சந்தேகம்தான்.

ஏனென்றால் நம் நேயரின் அகராதி வேறு. அமெரிக்காவில் ஒருவரை 'நன்றாக கேம் ஆடுகிறார்' என்றால் பாராட்டு. பிக் பாஸ் பார்க்கும் வீட்டில் 'அவ கேம் ஆடறா' என்றால் குற்றச்சாட்டு. 'உண்மையா இருக்கான்' என்பதே உச்சபட்சச் சான்றிதழ். ஆகவே இங்கே மிகச்சிறந்த வியூகம், வியூகமே இல்லாததுபோல் இருப்பது. தமிழில் முதல் சீசனில் ஓவியாவை வீட்டுக்குள் பலர் சேர்ந்து ஒதுக்க ஒதுக்க, வெளியே ஓட்டு குவிந்தது. மற்ற போட்டியாளர்கள் அவரை வெளியேற்றப் போட்ட திட்டமே அவருக்குப் பிரசாரம் ஆயிற்று. இறுதிக்கு முன்பே அவர் தானாக வெளியேறினார். ஆனாலும் அந்த சீசன் என்றால் வென்ற ஆரவை விட ஓவியாவைத்தான் பலர் நினைக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் இந்தி 16-வது சீசனை வென்ற புனே ராப் பாடகர் எம்.சி. ஸ்டான், வீட்டைவிட்டுப் போகிறேன் என்று பல முறை சொன்னவர். எதுவுமே செய்யாதவருக்கா பரிசு என்று ஒரு சாரார் பொருமினார்கள். நடிக்காமல் இருந்ததே அவர் செய்தது என்றார்கள் மற்றவர்கள்.

ஆக நம்மவர்கள் போட்டியாளரைக் காயாகப் பார்ப்பதில்லை, வீட்டு மனிதராகப் பார்க்கிறார்கள் என்று மகிழலாமா? அவசரப்பட வேண்டாம். மருமகளாகப் பார்ப்பவர்கள் மாமியாராகவும் நடந்துகொள்வார்கள். பிடிக்காத போட்டியாளர் வெளியே வந்த பிறகும் வசை தொடர்கிறது. அவர் குடும்பத்தையும் விடுவதில்லை. 100 நாளில் எடுத்த பல்லாயிரம் மணி நேரக் காட்சியிலிருந்து, பல கேமராக்களின் பதிவிலிருந்து, ஒரு மணி நேரம் பொறுக்கி எடுக்கப்பட்டதைத்தான் பார்த்தோம் என்பது வசை பாடும்போது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

ஜேட் கூடியை நினைவிருக்கலாம். 2007 ஜனவரியில் பிரிட்டனின் 'செலிபிரிட்டி பிக் பிரதர்' வீட்டில் ஷில்பா ஷெட்டியை இனவெறியுடன் ஏசியவர் என்று உலகம் முழுக்கத் திட்டு வாங்கியவர். பிரிட்டனின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்புக்கு 44,000-க்கும் மேற்பட்ட புகார்கள் போயின. பாட்னாவில் கொடும்பாவி எரித்தார்கள். இருவருக்கும் இடையே நேயர்கள் முடிவு செய்ய வேண்டி வந்தபோது 82 சதவீதம் ஜேடை வெளியேற்றச் சொன்னது. இறுதியில் ஷில்பா 63 சதவீத ஓட்டுடன் வென்றார். கதை அங்கே முடிந்திருந்தால் நல்லவள் ஜெயித்தாள், கெட்டவள் போனாள் என்று டி.வி.யை அணைத்திருக்கலாம். அடுத்த ஆண்டு ஷில்பா தொகுத்து வழங்கிய இந்தி பிக் பாஸ் வீட்டுக்கு ஜேட் போட்டியாளராக வந்தார். வந்த சில நாளில், கேமராக்களுக்கு நடுவே, தனக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்துகொண்டு லண்டன் திரும்பினார். 2009 மார்ச் 22 அன்று இறந்தார். வயது 27. இரண்டு சின்னப் பிள்ளைகள்.

கற்பனை மனிதர்கள் விஷயத்தில் இந்தக் கவலை எதுவும் வேண்டாம். ராஸ் கெல்லர் என்றொருவர் பிறக்கவே இல்லை. ஆனால் அவர் மீதுள்ள கோபம் கால் நூற்றாண்டுக்கும் மேலாக வாடாமல் இருக்கிறது. 1994 முதல் 2004 வரை ஓடிய 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில், 1997 பிப்ரவரியில் வந்த அத்தியாயம். ராஸுக்கும் ரேச்சலுக்கும் சண்டை. கொஞ்ச நாள் இடைவெளி விடலாம் என்கிறாள் அவள். அன்றிரவே அவன் வேறொரு பெண்ணுடன் இருக்கிறான். அது துரோகமா, இல்லையா?

இந்த வழக்கில் விந்தை என்னவென்றால், சாட்சியம் எதுவும் மறைக்கப்படவில்லை. அவன் அறையையும் பார்த்தோம், அவள் அறையையும் பார்த்தோம். சர்வைவர் ஜூரிக்குக் கிடைக்காத முழு ஆதாரமும் நம் கையில். ஆனாலும் தீர்ப்பு வரவில்லை. 'இடைவெளி' என்ற ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதில்தான் தகராறு, நடந்தது என்ன என்பதில் அல்ல. சட்டப்படி ராஸ் பக்கம் நியாயம், மனசுப்படி ரேச்சல் பக்கம் என்று தோன்றுகிறது. சில மணி நேரம்கூடக் காத்திருக்காதவன் இடைவெளியைப் பற்றி வாதாடக் கூடாது. சென்னையிலோ இந்தூரிலோ இதைப் பார்த்து வளர்ந்த கல்லூரி மாணவர்கள் இன்று பெற்றோர்கள். அவர்கள் பிள்ளைகளும் அதே அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு அதே சண்டையைப் போடுகிறார்கள்.

சிட்காம் எழுத்தாளர்களுக்கு நேயர்களின் இந்த உரிமை உணர்வு தெரியும். 1998-ல் லண்டனில் ரசிகர்கள் முன்னிலையில் எடுக்கப்பட்ட ஒரு காட்சியில் மோனிகாவும் சாண்ட்லரும் ஒரே படுக்கையில் இருப்பது தெரிந்ததும் அரங்கம் அலறியது. சின்ன வேடிக்கையாக நினைத்திருந்ததைத் திருமணம் வரை கொண்டுபோனார்கள். கதையை எழுதியதில் அந்த அலறலுக்கும் பங்கு உண்டு. பிறகு ஜோயியையும் ரேச்சலையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். நேயர்கள் முகம் சுளித்தார்கள். சத்தமில்லாமல் கைவிட்டார்கள்.

நேயர் பேச்சைக் கேட்காமல் போனால் என்ன ஆகும்? 'ஹௌ ஐ மெட் யுவர் மதர்' 2005 முதல் 2014 வரை 9 சீசன் ஓடியது. தன் மனைவியை எப்படிச் சந்தித்தேன் என்று டெட் தன் பிள்ளைகளிடம் சொல்லும் கதை. பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள் என்பதால் அவர்களின் கடைசிக் காட்சியை ஆரம்ப வருடங்களிலேயே எடுத்துப் பூட்டி வைத்துவிட்டார்கள். மனைவி இறந்துவிட்டாள், அப்பா பழைய காதலி ராபினைத் தேடிப் போகலாம் என்று பிள்ளைகள் சொல்லும் காட்சி. இடையில் எல்லாம் மாறிவிட்டது. ராபினும் பார்னியும் நல்ல ஜோடியானார்கள். கடைசி சீசன் முழுவதும் அவர்கள் கல்யாணத்தைச் சுற்றியே நடந்தது. கடைசியில் வந்த மனைவியோ எல்லோர் மனதையும் அள்ளிக்கொண்டாள். 2014 மார்ச் 31 அன்று சுமார் 1.3 கோடி பேர் பார்த்த இறுதி அத்தியாயத்தில், பல வாரமாக நடந்த கல்யாணம் சில நிமிடத்தில் விவாகரத்தாயிற்று. மனைவி செத்துப்போனாள். பூட்டிய பெட்டியைத் திறந்து பழைய காட்சியை ஓட்டினார்கள். வந்த கோபத்தில் டி.வி.டி.யில் வேறொரு முடிவைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

யோசித்துப் பார்த்தால் இது ஹாட்ச் செய்த வேலைதான். முடிவை முன்கூட்டியே கணக்குப் போட்டு, யாருக்கும் சொல்லாமல், கடைசி நிமிடத்தில் கவிழ்ப்பது. தீவில் நடந்தால் மேதைமை என்று மெச்சும் நேயர், தன் மீதே அதைச் செய்ததும் ஜூரியில் உட்கார்ந்துவிட்டார்.

இந்திய சிட்காமில் இப்படிச் சேர்வார்களா, மாட்டார்களா என்ற காத்திருப்புக்குப் பெரிதாக இடமில்லை. 1999-ல் ஜீ டி.வி. 'ஹலோ ஃப்ரெண்ட்ஸ்' என்று அமெரிக்கத் தொடரை அப்படியே காப்பியடித்துப் பார்த்தது. எடுபடவில்லை. நம் நகைச்சுவை கல்யாணத்துக்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். 2004-ல் ஸ்டார் ஒன்னில் வந்த 'சாராபாய் வெர்சஸ் சாராபாய்' அதற்கு நல்ல உதாரணம். தென் மும்பை மேட்டுக்குடி மாமியார் மாயாவும், பேரம் பேசிச் சேமிக்கும் டில்லி மருமகள் மோனிஷாவும் மோதிக்கொள்ள, மருமகள் பக்கம் நின்று மனைவியைச் சீண்டும் மாமனார் இந்திரவதன். அங்கே கூட்டணி உண்டு, சூழ்ச்சி உண்டு, காட்டிக்கொடுப்பதும் உண்டு. வெளியேற்றம் மட்டும் கிடையாது. மறுநாளும் அதே சாப்பாட்டு மேஜைதான். ஒளிபரப்பானபோது பெரிய கவனம் பெறாத இந்தத் தொடர் பிற்பாடு ரசிகர்களைச் சேர்த்துக்கொண்டது. 2025 அக்டோபரில் சதீஷ் ஷா காலமானபோது பலர் துக்கம் கொண்டாடியது இந்திரவதனுக்காகவும்தான்.

இந்த உரிமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா'. 2008 ஜூலையில் சப் டி.வி.யில் தொடங்கி 4,000 அத்தியாயங்களைக் கடந்த தொடர். கடைக்காரர் ஜேட்டாலாலும் அவர் மனைவி தயாவும்தான் அதன் உயிர். 2017-ல் தயாவாக நடித்த திஷா வகானி மகப்பேறு விடுப்பில் போனார், திரும்பவில்லை. வேறு நடிகையைப் போட்டிருக்கலாம். மற்ற பாத்திரங்களுக்கு ஆள் மாற்றியும் இருக்கிறார்கள். தயாவுக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் யாரையும் போடவில்லை. தாய்வீடு போன மனைவி திரும்பி வராத கதையாக, ஒரு நாற்காலி காலியாகவே இருந்தது. இதோ வருகிறாள் என்று ஆசை காட்டிவிட்டுக் கதையில் அவளை வரவிடாமல் செய்தபோது, 2023 இறுதியில், தொடரைப் புறக்கணிப்போம் என்று ரசிகர்கள் கிளம்பினார்கள். தயா கட்டாயம் வருவாள் என்று தயாரிப்பாளர் அசித் மோடி சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் கேட்டது சமாதானம் அல்ல, தேதி.